தாய்ப்பலகை மாறினால் மடிக்கணினியின் அடையாளமும் மாறும்

கேமரன் மலையின் தேயிலைக்கு எது பிடிக்குமோ, அது மின்னணுக் கருவிகளுக்குப் பிடிக்காது. தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. பகலில் வெப்பநிலை 25 டிகிரியைத் தாண்டுவது அரிது. ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கும் அதிகமாக மழை பெய்கிறது. 1929-இல் போ தேயிலை நிறுவனம் தொடங்கப்பட்டபோது இந்தக் குளிரும் ஈரமும்தான் மலையின் சொத்து. இன்று அதே சரிவுகளில் இருக்கும் தோட்ட வீடுகளில் மடிக்கணினிகளும் இருக்கின்றன. கோவிட் காலத்தில் பிள்ளைகள் வீட்டிலிருந்தே படிக்க வேண்டியிருந்தது. 2021-ஆம் ஆண்டு பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்ட ‘செர்டிக்’ திட்டம் நாடு முழுவதும் 150,000 மாணவர்களுக்குக் கருவி வழங்க முனைந்தது. அது கிடைக்காத பல வீடுகள் பழைய மடிக்கணினியை வாங்கிச் சமாளித்தன.

இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த மடிக்கணினியைக் காலையில் சோறு கொதிக்கும் அடுப்படிப் பக்கம் கொண்டுவந்து திறந்தால், குளிர்ந்த கண்ணாடியில் ஆவி படிவதுபோல அதற்குள்ளும் நீர் படியும். தூசியிலுள்ள உப்பு அந்த நீரில் கரையும். அதன் வழியே மின்சாரம் பாயும்போது மெல்லிய செப்புத் தடங்கள் அரிபட்டு, ஒருநாள் மதர்போர்டு எனப்படும் தாய்ப்பலகை செத்துப்போகும்.

புதிய தாய்ப்பலகை விலை அதிகம். அதனால் அதே மாதிரி மடிக்கணினியிலிருந்து கழற்றிய பழைய பலகையை அஞ்சலில் வரவழைத்துப் பொருத்துவதே வழக்கம். பொருத்தியதும் திரையில் வெளிச்சம் வரும். அதன்பின்தான் விசித்திரங்கள் தொடங்கும். இத்தனை நாள் வேலை செய்த வைஃபை அட்டையைக் கணினி ஏற்க மறுக்கும். விண்டோஸ் தன் உரிமம் செல்லாது என்னும். ஒரு நீலத் திரை 48 இலக்கச் சாவியைக் கேட்கும். அல்லது சரியாக அரை மணி நேரத்தில் கணினி தானாக அணையும்.

‘கெட்டுப்போன பலகையை ஏமாற்றி விற்றுவிட்டார்கள்’ என்றே பலரும் முடிவு கட்டுவார்கள். பெரும்பாலும் பலகையில் குறை இருக்காது. பலகையின் ஓரத்தில் எட்டுக் கால்களோடு உட்கார்ந்திருக்கும், சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய ஒரு சில்லுதான் காரணமாக இருக்கும்.

ஒரே சில்லில் பாடநூலும் பிறப்புச் சான்றிதழும்

மின்சாரம் வந்த முதல் நொடியில் செயலிக்கு எதுவும் தெரியாது. விசைப்பலகை எங்கே, திரை எங்கே, விண்டோஸ் எந்தத் தட்டில் இருக்கிறது என்று அதற்குச் சொல்லித்தர ஒரு நிரல் வேண்டும். அந்த நிரல்தான் ஃபர்ம்வேர், தமிழில் நிலைபொருள். பழக்கத்தில் அதைப் ‘பயாஸ்’ என்கிறோம். இன்றைய மடிக்கணினிகளில் அது பெரும்பாலும் 8 முதல் 32 எம்.பி. கொள்ளளவுள்ள ஃப்ளாஷ் சில்லில் இருக்கிறது.

ஆனால் அந்தச் சில்லில் நிரல் மட்டும் இருப்பதில்லை. அதில் இருவகைச் செய்திகள் கலந்து கிடக்கின்றன. ஒன்று, அந்த மாதிரியின் எல்லாக் கணினிகளுக்கும் பொதுவானது; வகுப்பில் எல்லாப் பிள்ளைகளிடமும் இருக்கும் பாடநூல் போன்றது. மற்றொன்று, அந்த ஒரு கணினிக்கு மட்டுமே உரியது. பிறப்புச் சான்றிதழ் போன்றது. கணினியின் தொடர் எண், உலகில் வேறெதற்கும் இல்லாத அடையாள எண், கம்பிவழி வலையிணைப்புக்கான முகவரி, விண்டோஸ் உரிமச் சாவி ஆகியவை இந்த இரண்டாம் வகை.

2012-இல் வெளிவந்து இன்றும் பழைய சந்தையில் விலைபோகும் லெனோவோ திங்க்பேட் எக்ஸ்230 மடிக்கணினியை எடுத்துக்கொள்வோம். அதன் பலகையில் 8 எம்.பி., 4 எம்.பி. என இரண்டு சில்லுகள் உண்டு. இரண்டும் சேர்ந்த 12 எம்.பி.யில் முதல் 4 கே.பி. ஒரு பொருளடக்கம்; எந்தப் பகுதி எங்கே தொடங்குகிறது என்று அது சொல்லும். அடுத்த 8 கே.பி.யில் கம்பிவழி வலையின் முகவரி இருக்கிறது. சுமார் 5 எம்.பி.யில் இன்டெலின் ‘மேனேஜ்மென்ட் எஞ்சின்’ என்ற துணைக் கணினிக்கான நிரல் இருக்கிறது. மிச்சம் 7 எம்.பி.தான் உண்மையான பயாஸ். தொடர் எண் போன்றவை அந்தப் பயாஸ் பகுதிக்குள் ஒரு மூலையிலோ, சில மாதிரிகளில் வேறொரு சிறு சில்லிலோ இருக்கும். ஏ.எம்.டி. செயலியுள்ள பலகைகளில் பகுதிகளின் பெயர் மாறும். பொதுவானதும் தனிப்பட்டதும் கலந்திருப்பது மாறாது.

ஆகவே தாய்ப்பலகையை மாற்றும்போது மடிக்கணினியின் அடையாளமும் மாறிவிடுகிறது. அடிப்புறத்தில் ஒட்டியிருக்கும் எண் ஒன்று, உள்ளே சில்லு சொல்லும் எண் வேறொன்று.

திருத்திய நிலைபொருள் எங்கிருந்து வந்தது?

திங்க்பேட், எச்.பி. மடிக்கணினிகள் பலவற்றில் ஒரு காலத்தில் ஒரு கெடுபிடி இருந்தது. நிறுவனம் ஏற்றுக்கொண்ட பட்டியலில் இல்லாத வைஃபை அட்டையைச் செருகினால் கணினி தொடங்கவே மறுக்கும். திங்க்பேடில் 1802 என்ற பிழை எண் வரும். வேகமான புதிய அட்டையைப் போட விரும்பியவர்கள் பயாஸிலிருந்து அந்தப் பட்டியலை நீக்கிய திருத்தப் பதிப்பைச் சில்லில் எழுதினார்கள். மறைத்து வைத்த அமைப்புகளைத் திறக்கவும் இப்படித் திருத்துவது உண்டு. நிறுவனத்தின் நிரலை முற்றாக நீக்கிவிட்டு, 1999-இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் தொடங்கி இப்போது ‘கோர்பூட்’ என்று அழைக்கப்படும் திறந்தமூல நிலைபொருளைப் போடுபவர்களும் இருக்கிறார்கள்.

பழையதாக வாங்கிய மடிக்கணினியில் முந்தைய உரிமையாளர் இப்படி ஒரு திருத்தம் செய்திருந்தால், அது உங்களுக்குத் தெரியவே தெரியாது. பலகையை மாற்றும்போதுதான் அது வெளிப்படும். புதிதாக வந்த பலகையில் நிறுவனத்தின் அசல் நிலைபொருள் இருக்கும். நீக்கப்பட்ட பட்டியலும் அதோடு திரும்பி வந்திருக்கும். வைஃபை அட்டை கெடவில்லை. பழைய பலகை அதை அனுமதித்தது, புதிய பலகை அனுமதிக்கவில்லை. அவ்வளவுதான்.

இந்த இடத்தில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். இணையத்தில் அதே மாதிரிக்கான ‘முழு நகல்’ கோப்பு ஒன்றைத் தேடியெடுத்து, அப்படியே சில்லில் எழுதிவிடுகிறார்கள். அடுத்த வீட்டுப் பிள்ளையின் புத்தகப் பையைத் தூக்கிவந்தால் பாடநூலோடு அந்தப் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழும் சேர்ந்து வந்துவிடும் அல்லவா? அதே கதைதான் இங்கும்.

அறிகுறியைப் பார்த்து இடத்தைக் கண்டுபிடியுங்கள்

ஒவ்வொரு கோளாறும் சில்லின் எந்தப் பகுதி தவறாக இருக்கிறது என்று சொல்லித்தரும்.

சரியாக 30 நிமிடத்தில் கணினி அணைகிறதா? வெப்பத்தால் அணையும் கணினி ஒருநாள் 10 நிமிடத்திலும் இன்னொரு நாள் 50 நிமிடத்திலும் அணையும். கடிகாரம் வைத்ததுபோல ஒவ்வொரு முறையும் அரை மணி என்றால், மேனேஜ்மென்ட் எஞ்சின் பகுதியைச் சந்தேகியுங்கள். அந்த நிரல் சிதைந்திருந்தால் அரை மணி நேரத்துக்குப் பின் கணினியை நிறுத்தும்படி இன்டெல் வன்பொருளையே வடிவமைத்திருக்கிறது. இந்தப் பகுதி முதன்முறை இயங்கும்போது தன் பலகைக்கு ஏற்பச் சில குறிப்புகளைத் தனக்குள் எழுதிக்கொள்கிறது. அதனால் ஒரு பலகையில் ஓடிய பகுதியை இன்னொன்றில் அப்படியே எழுதினால் சிக்கல் வரலாம்.

கம்பிவழி வலையில் உங்கள் முகவரி 88:88:88:88:87:88 என்று காட்டுகிறதா? அது எந்தக் கணினியின் முகவரியும் அல்ல. தொழிற்சாலையில் நிரப்பாமல் விட்ட மாதிரி எண். யாரோ வெற்று நகலை எழுதியிருக்கிறார்கள் என்று பொருள். ஒரே கோப்பை எழுதிய இரண்டு மடிக்கணினிகள் ஒரே பள்ளியின் வலையில் சேர்ந்தால், இரண்டுக்கும் இணைப்பு விட்டுவிட்டு வரும். வைஃபை முகவரி அட்டையிலேயே இருப்பதால் அதற்கு இந்தப் பாதிப்பு இல்லை.

திங்க்பேடில் 2200 அல்லது 2201 என்ற பிழை வருகிறதா? முதலாவது, மாதிரி எண்ணும் தொடர் எண்ணும் செல்லாதவை என்பது. இரண்டாவது, தனி அடையாள எண் செல்லாது என்பது. கணினி ஓடும். ஆனால் தன் பெயர் அதற்குத் தெரியவில்லை.

விண்டோஸ் உரிமம் போய்விட்டதா? 2012-இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து கடையில் வாங்கும் மடிக்கணினிகளில் உரிமச் சாவி நிலைபொருளுக்குள்ளேயே பதிக்கப்படுகிறது. பலகை போனால் சாவியும் போகும். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு உரிமத்தை முன்பே இணைத்திருந்தால், ‘அண்மையில் வன்பொருளை மாற்றினேன்’ என்று விண்டோஸ் அமைப்புகளில் தெரிவித்து அதை மீட்க முயலலாம்.

மாற்றும் அமைப்புகள் அடுத்த முறை நிலைக்கவில்லையா? முதலில் பலகையிலுள்ள சிறு வட்ட மின்கலத்தைப் பாருங்கள். தேதியும் பின்னோக்கிப் போனால் அதுதான் காரணம். தேதி சரியாக இருந்தும் அமைப்புகள் நிலைக்கவில்லை என்றால், சில்லு எழுதமுடியாதபடி பூட்டப்பட்டிருக்கலாம். 2017-இன் இறுதியில் உபுண்டு 17.10 இயங்குதளத்தில் இருந்த ஒரு பிழையால் லெனோவோ மடிக்கணினிகள் பலவற்றில் இப்படித்தான் நேர்ந்தது. அந்தப் பதிப்பின் பதிவிறக்கத்தையே சில வாரங்கள் நிறுத்திவைத்தார்கள். பலகையில் எந்தக் குறையும் இல்லாமலே இந்தக் கோளாறு வரும் என்பதற்கு அது சாட்சி.

திருத்திய பயாஸை எழுதியதும் திரை இருண்டுவிட்டதா? வேறு மாதிரியின் கோப்பாக இருக்கலாம். மடிக்கணினியின் பெயர் ஒன்றாக இருந்தாலும் பலகை வேறாக இருப்பது உண்டு. பலகையின் மேலேயே அச்சிட்ட எண்ணைத்தான் ஒப்பிட வேண்டும். எண்ணும் பொருந்தினால் இன்னொரு காரணத்தை நினையுங்கள். 2013-இல் வந்த நான்காம் தலைமுறை இன்டெல் கோர் செயலிகளோடு ‘பூட் கார்டு’ என்ற காவல் அறிமுகமானது. நிறுவனம் அதை இயக்கியிருந்தால், நிறுவனத்தின் மின்கையொப்பத்தைச் சரிபார்க்கும் அடையாளம் வன்பொருளிலேயே அழிக்கமுடியாமல் எரித்துப் பதிக்கப்பட்டிருக்கும். அந்தக் கையொப்பம் இல்லாத நிலைபொருளை அந்தப் பலகை ஏற்காது. அதற்கு ஒரே மருந்து, அசல் நிலைபொருளையே திரும்ப எழுதுவது.

மீட்க முடியாதது ஒன்று உண்டு

மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் பொறுமையாகத் தேடினால் வழி உண்டு. அந்த 48 இலக்க நீலத் திரைக்கு மட்டும் இல்லை.

உங்கள் தட்டிலுள்ள படங்களையும் பாடக் குறிப்புகளையும் ‘பிட்லாக்கர்’ என்ற வசதி பூட்டி வைத்திருக்கலாம். 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்தால், பெரும்பாலான கணினிகளில் இந்தப் பூட்டு தானாகவே விழும். நீங்கள் போட்டதாக நினைவே இருக்காது. அதன் சாவி டி.பி.எம். எனப்படும் பாதுகாப்புப் பெட்டகத்தில் இருக்கிறது. அந்தப் பெட்டகம் தாய்ப்பலகையிலோ செயலிக்குள்ளோ இருப்பது. தட்டு பழையது, பலகை புதியது என்றானதும் பெட்டகம் கைமாறிவிடுகிறது. தட்டு திறக்க மறுக்கிறது.

‘பழைய சில்லின் நகலைப் புதிய பலகையில் எழுதினால் சாவியும் வந்துவிடாதா?’ என்று நீங்கள் கேட்கலாம். வராது. தனிப் பெட்டகச் சில்லு இருந்தால் சாவி ஃப்ளாஷ் சில்லில் இருப்பதே இல்லை. செயலிக்குள் இருக்கும் பெட்டகம் என்றால், அது ஃப்ளாஷில் எழுதும் செய்தியை அந்தச் செயலிக்கு மட்டுமே தெரிந்த இரகசியத்தால் பூட்டுகிறது. திருடன் பலகையை மாற்றித் தட்டைத் திறந்துவிடக்கூடாது என்பதற்காகவே செய்த ஏற்பாடு அது. உரிமையாளரான உங்களையும் திருடனையும் அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. உங்களிடம் அந்த 48 இலக்கம் இருக்கிறதா என்பது மட்டுமே அதற்குத் தெரிந்த வேறுபாடு.

எந்த வரிசையில் செய்ய வேண்டும்?

முதலில், பழைய பலகையைத் தூக்கி எறியாதீர்கள். பலகை செத்தாலும் அதன் ஃப்ளாஷ் சில்லு பெரும்பாலும் உயிரோடு இருக்கும். உங்கள் மடிக்கணினியின் பிறப்புச் சான்றிதழ் அதில்தான் இருக்கிறது.

இரண்டாவது, மின்கலத்தைக் கழற்றிவிட்டுப் பழைய சில்லைப் படிக்கும் கருவியால் இருமுறை படித்து, இரண்டு கோப்புகளும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று ஒப்பிட வேண்டும். ஒன்றாக இல்லையென்றால் கவ்வி சரியாகப் பிடிக்கவில்லை, மறுபடி படியுங்கள். புதிய பலகையின் சில்லையும், அதில் ஓர் எழுத்தும் எழுதுவதற்கு முன், இதேபோல் படித்துப் பத்திரப்படுத்த வேண்டும். என்ன தவறு நடந்தாலும் திரும்பிப் போக அந்த நகல் மட்டுமே வழி.

இங்கே ஓர் எச்சரிக்கை. மலிவாகக் கிடைக்கும் ‘சி.எச்.341ஏ’ என்ற கறுப்பு நிறக் கருவி, 3.3 வோல்ட் சில்லுக்கும் தரவுக் கால்களில் 5 வோல்ட் அனுப்புவதாகப் பெயர் வாங்கியது. புதிய மடிக்கணினிகள் சிலவற்றில் 1.8 வோல்ட் சில்லு இருக்கிறது. அதற்கு மின்னழுத்தத்தைக் குறைக்கும் இடைப்பலகை கட்டாயம் வேண்டும். சில்லின் மேல் அச்சிட்ட எண்ணைப் படித்து, அதன் மின்னழுத்தத்தை உறுதி செய்யாமல் கவ்வியை மாட்டாதீர்கள்.

மூன்றாவது, புதிய பலகையை அதன் அசல் நிலைபொருளோடேயே முதலில் ஓடவிடுங்கள். வைஃபை அட்டையைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். ஒரு மணி நேரம் அணையாமல் ஓடினால் பலகை நல்ல பலகை. இந்தச் சோதனையைச் செய்யாமல் திருத்திய கோப்பை எழுதினால், பிறகு வரும் கோளாறு பலகையுடையதா, கோப்புடையதா என்று பிரிக்கவே முடியாது.

நான்காவது, திருத்தம் கட்டாயம் வேண்டும் என்றால், புதிய பலகையிலிருந்து நீங்கள் படித்த நகலையே எடுத்து, அதன் பயாஸ் நிரலை மட்டும் திருத்துங்கள். பொருளடக்கம், வலை முகவரி, மேனேஜ்மென்ட் எஞ்சின் ஆகியவற்றைத் தொடாதீர்கள். பாடநூலை மாற்றலாம், சான்றிதழ்களை அதனதன் இடத்திலேயே விட்டுவிட வேண்டும். சில்லைப் படிக்கவும் எழுதவும் பயன்படும் ‘ஃப்ளாஷ்ரோம்’ என்ற திறந்தமூல நிரலில், குறிப்பிட்ட பகுதியை மட்டும் எழுதும் வசதி உண்டு.

ஐந்தாவது, அடிப்புறத்தில் ஒட்டிய தொடர் எண்ணைப் புதிய பலகையில் பதிப்பது நிறுவனத்தின் சேவை மையம் செய்யும் வேலை. பலகை மாற்றும்போது அதற்கெனத் தனி நிரலை அவர்கள் பயன்படுத்துவார்கள். உங்கள் மடிக்கணினிக்கு அதன் சொந்த எண்ணைத் திருப்பிக் கொடுப்பது பழுதுபார்ப்பு. திருட்டு மடிக்கணினிக்கு வேறு எண் கொடுப்பது குற்றம்.

கடைக்காரரிடம் கேட்க வேண்டியவை

மலையில் இருப்பவர்கள் பலகையைத் தாங்களே மாற்றுவதைவிட, தானா ராத்தாவிலோ ஈப்போவிலோ உள்ள கடையில் கொடுப்பதே அதிகம். கொடுக்கும் முன் சில கேள்விகள் கேட்பது நல்லது. பழைய பலகையைத் திருப்பித் தருவீர்களா? சில்லின் நகலை எனக்குக் கொடுப்பீர்களா? வரும் பலகையில் யாருடைய கடவுச்சொல்லாவது பூட்டிக் கிடக்கிறதா?

கடைசிக் கேள்வி முக்கியம். நிறுவனங்கள் கழித்துக் கட்டிய மடிக்கணினிகளின் பலகைகளே பழைய சந்தைக்குப் பெரிதும் வருகின்றன. அவற்றில் நிர்வாகியின் பயாஸ் கடவுச்சொல்லோ, திருட்டுத் தடுப்புக் கண்காணிப்பு நிரலோ இன்னும் விழித்திருக்கலாம். நீங்கள் விண்டோஸைப் புதிதாக நிறுவும்போது, கேள்விப்பட்டிராத ஒரு நிறுவனத்தின் பெயரும் அதன் உள்நுழைவுப் பக்கமும் வந்து நிற்பதும் உண்டு. பலகையின் அடையாளம் அந்த நிறுவனத்தின் பட்டியலிலிருந்து இன்னும் நீக்கப்படவில்லை என்பதே அதன் பொருள். விற்றவர் மூலம் அந்த நிறுவனம்தான் நீக்க வேண்டும். அது தெரியும் வரை முழுப் பணத்தையும் கொடுத்துவிடாதீர்கள்.

பலகை சாகாமல் காப்பதும் கடினமில்லை. வறுத்து உலர்த்திய தேயிலை காற்றின் ஈரத்தை உறிஞ்சிவிடும் என்பதால்தான் அதைக் காற்றுப் புகாத உறையில் அடைக்கிறார்கள். மடிக்கணினிக்கும் அந்தக் கவனம் வேண்டும். பயன்படுத்தாதபோது ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களோடு மூடிய பெட்டியில் வையுங்கள். குளிர்ந்த இடத்திலிருந்து கதகதப்பான இடத்துக்குக் கொண்டுவந்தால், பைக்குள்ளேயே அரை மணி நேரம் இருக்கவிட்டுப் பிறகு திறங்கள்.

உங்கள் மடிக்கணினி இப்போது நன்றாக ஓடிக்கொண்டிருந்தால், இன்று செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. விண்டோஸில் சாதனக் குறியாக்கம் அல்லது பிட்லாக்கர் அமைப்பைத் திறந்து, பூட்டு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அந்த 48 இலக்க மீட்புச் சாவியை எடுத்து, ஒரு தாளில் எழுதுங்கள். அடிப்புறத்திலுள்ள தொடர் எண்ணையும் அதன் கீழே எழுதி, வீட்டில் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள் இருக்கும் கோப்பிலேயே அதையும் வைத்துவிடுங்கள்.